உயிரோடிருப்பவளின் படம்

ஒருவரின் படம் தனியாக, பெரிதாகச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கினால் அவர் செத்துப்போனவர் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் மட்டுமல்ல; நாங்கள் வந்து குடியேறிய வென்ட்வேர்த்வில் முழுக்க, விட்டுவந்த ஊர் பேசாலை முழுக்க, எங்கள் சனம் இருக்கிற இடமெல்லாம் இதுதான் வழக்கம். கலியாணப் படம் என்றால் இரண்டு பேர். ஞானஸ்நானப் படம் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டமே நிற்கும். கோயிலில் முதல்நன்மை வாங்கும் படத்தில் பக்கத்தில் சுவாமியாராவது நிற்பார். ஒற்றை ஆளாகச் சுவரிலிருந்து பார்ப்பவர்கள் போய்ச் சேர்ந்தவர்கள்தான். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் மனுஷனுக்கு மட்டும் தெரியாது.

தெரியாது என்று சொல்வதும் பிழை. தெரிந்துகொண்டேதான் செய்தார்.

இவருடைய பெயர் எமிலியானுஸ். தபால் பிரிக்கும் நிலையத்திலிருந்து ஓய்வுபெற்றதும், மற்ற ஆம்பிளைகளைப் போல மிளகாய்க் கன்று நட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இவர் போய்ப் பரமற்றாவில் மூத்தவர்களுக்கு நடக்கும் ஓவிய வகுப்பில் சேர்ந்தார். அங்கே வரையவும் படிப்பிப்பார்கள், பழைய ஓவியங்களின் சரித்திரமும் சொல்லுவார்கள். படிப்பிப்பவள் ஒரு இத்தாலிக்காரி. அவள் இவருடைய தலைக்குள் மறுமலர்ச்சிக் காலத்தை முழுதாக ஏற்றிவிட்டாள். அதன் பிறகு எங்கள் குசினியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தைத் தவிர வேறு பேச்சில்லை.

"இஞ்சரும், அஞ்சலீனா," என்று தொடங்குவார். நான் மீன் வெட்டிக்கொண்டு நிற்பேன். "முந்தின காலத்துப் படங்களில மனிசனுக்குத் தனி இடமில்லை, தெரியுமே உமக்கு? அந்தோனியாரைக் கீறுவினம், மாதாவைக் கீறுவினம். அந்தப் படத்தைச் செய்விச்சவன் ஒரு மூலையில முழங்கால்ல இருப்பான். எவ்வளவு பெரிசெண்டு நினைக்கிறீர்? புனிதரின்ர முழங்கால் உயரம்தான்."

"நல்லது. பெரிசா இருந்து என்ன கிழிக்கப்போறான்?"

"கேளுமன். பிறகு படிச்ச ஆக்கள் கொஞ்சப்பேர் பழைய லத்தீன், கிரேக்கப் புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்து வாசிக்கினம். மனிசன் எண்டால் ஆர், அவன்ர புத்தி என்ன, அவனால என்ன ஏலும் எண்டு கேக்கத் தொடங்கினம். கடவுளை விடேல்லை. ஆனா அந்தக் கடவுள் படைச்சவனையும் ஒருக்கா வடிவாப் பாப்பம் எண்டு சொல்லிச்சினம். அதோட மூலையில கிடந்தவன் படத்தில வளரத் தொடங்கினான். புனிதர் அளவுக்கு வந்தான். பிறகு பாத்தால் புனிதரே இல்லை. படம் முழுக்க அவன்ர முகம்."

"வசதி வந்த உடனே வந்த திமிர்," என்றேன்.

"அதுவும் உண்டுதான்," என்று ஒத்துக்கொண்டார்.

இவரிடம் உள்ள கரைச்சலே இதுதான். சண்டைக்குப் போனால் பாதி வழியில் ஒத்துக்கொண்டு நின்றுவிடுவார். மிச்சக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

இப்படிக் கதையாக இருந்தது ஒருநாள் என் தலையில் வந்து விழுந்தது. வருட முடிவில் வகுப்புக்காரர்கள் கண்காட்சி வைக்கிறார்களாம். ஆளுக்கொரு படம். உயிரோடு இருக்கும் ஒருவரை முன்னால் இருத்தி வரைய வேண்டும். அந்த ஆள் சம்மதித்தால்தான் படத்தை மண்டபத்தில் மாட்டுவார்கள். இவர் என்னைக் கீறப்போகிறாராம்.

"என்னையோ? தனியாவோ?"

"தனியாத்தான்."

"ஏன், நான் செத்தே போனன்?"

டெனிஸையும் ஜெசிக்காவையும் பக்கத்தில் நிறுத்திக் கீறுங்கோ என்றேன். மகனும் மருமகளும் நின்றால் குடும்பப் படமாகிவிடும், ஒரு பயமுமில்லை. அது வேண்டாம் என்றார். பேத்தி டில்ஷாவையாவது மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். மடியில் ஒன்றும் இருக்கக்கூடாதாம். பிறகு மெல்லச் சொன்னார்: "இவ்வளவு காலமும் உம்மை ஒருத்தரும் நேர இருந்து பாக்கேல்லை. நானும்தான். ஒருக்காப் பாக்க விடுமன்."

இப்படிக் கேட்டால் நான் என்ன செய்ய? கீறுங்கோ என்றேன். ஆனால் கண்காட்சி என்ற பேச்சே எடுக்கக்கூடாது என்றும் சொன்னேன். தனிப் படமாக என்னை ஊருக்கு முன்னால் தொங்கவிட்டு, வீட்டுக்குத் துக்கத்தைக் கூப்பிட நான் தயாரில்லை.

முதல் நாள் கூறைச்சேலை கட்டி, பதக்கச் சங்கிலி போட்டு, கையில் காப்புகளை அடுக்கிக்கொண்டு வந்து நின்றேன். இவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"அந்தக் காலத்தில பொம்பிளையளைப் பக்கவாட்டிலதான் கீறுவினம், நாணயத்தில அடிச்ச ராசா மாதிரி. புருசன் வீட்டு நகையெல்லாம் பூட்டி விடுவினம். அது அவளின்ர படமில்லை, அவன் வீட்டுப் பவிசின்ர படம். கன காலம் போனாப்பிறகுதான் அவள் மெல்ல முகத்தைத் திருப்பி எங்களைப் பாக்கிறாள். போய் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாரும்."

வீட்டுச் சட்டையோடு ஒரு மனுஷியைச் சரித்திரத்தில் ஏற்றப்போகிறார்! திட்டிக்கொண்டே போய் மாற்றினேன். கதிரையில் இருந்தால் கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. வெங்காயம் உரிக்கவா என்றேன். வேண்டாம் என்றார். அப்படியென்றால் வானொலியைப் போடுங்கோ என்றேன். அதற்குத்தான் காத்திருந்தவர் போல எழும்பிப் போய்ப் போட்டார்.

இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. கன்பராவில் பாராளுமன்றம் கூடுகிற நாட்களில், மத்தியானம் கேள்வி நேரம் என்று வானொலியில் போகும். நான் அதை விடுவதில்லை. எதிர்க்கட்சிக்காரன் ஒன்று கேட்பான், மந்திரி எழும்பி அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லுவான். எனக்குப் பத்திக்கொண்டு வரும். குசினிக்குள் நின்றபடி அவனுக்கு நான் பதில் கொடுப்பேன். தமிழில் தொடங்கி, சூடு ஏற ஏற ஆங்கிலத்துக்குப் போய்விடுவேன். சபாநாயகருக்கும் விழும். டெனிஸுக்குக்கூட இது தெரியாது. அவன் வேலை முடிந்து எங்கள் வீட்டுக்கு எட்டிப் பார்க்கும் நேரத்தில் நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்கிற அம்மா.

படம் முடிந்த அன்று கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கை மேசையில் ஊன்றியபடி. மற்றக் கையில் ஒரு விரல் எழும்புகிறது. மூக்குக்கண்ணாடி நழுவிக் கிடக்கிறது. புருவம் நெரிந்து, வாய் அரைவாசி திறந்து, பார்க்கிறவனிடம் நேரே ஏதோ கேட்க வருகிறாள்.

"சண்டைக்காரி மாதிரிக் கீறி வைச்சிருக்கிறியள். சிரிச்ச முகமா ஒண்டு வரேல்லையோ உங்களுக்கு?"

"சிரிச்ச முகத்தை எல்லாரும் கண்டிருக்கினம்," என்றார். பிறகு, "சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ள குடுக்கவேணும். கடைசி நாள். கொண்டு போகட்டே?" என்று கேட்டார்.

"ஏலாது எண்டால் ஏலாது."

இவர் சண்டை பிடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் தூரிகைகளைக் கழுவப் போனார். அந்த முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

சாயம் காய வேண்டுமென்று படத்தைக் கொண்டுபோய் எங்கள் வீட்டு முன்னறையில் கொழுவினார். வெறுமையாக இருந்த ஆணி ஒன்றே ஒன்று. அது எங்கே என்றால், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, செத்துப்போன இவருடைய தாய் தகப்பனின் படங்களுக்குப் பக்கத்தில். மேலே சிவப்பு மின்குமிழ் எரிகிறது. காற்றும் வெளிச்சமும் வரட்டும் என்று யன்னல் சீலையையும் திறந்து விட்டார். காயும்வரைக்கும்தானே என்று விட்ட நானும் சும்மா இருக்கவில்லை. அந்த ஞாயிறு கோயில் பீடத்துக்குப் பூ வைப்பது என்னுடைய முறை. வாங்கிவந்த வெள்ளை லில்லிப் பூக்களை வாளியோடு அந்த மூலையில், படத்துக்கு நேர் கீழே வைத்தேன். வீட்டில் வெயில் படாத மூலை அதுதான்.

சனிக்கிழமை காலையில் இவர் வகுப்புக்குப் போனார். நான் டில்ஷாவைப் பார்த்துக்கொள்ள பிளாக்டவுனிலுள்ள டெனிஸ் வீட்டுக்குப் போனேன். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து விக்னராஜா வந்திருக்கிறான். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். சங்கத்து வாட்சப் குழு அவன் கையில்தான். நல்லது கெட்டது எதுவானாலும் அவன் அறிவித்தால்தான் நடந்தது. எங்கள் பெரிய சமையல் கிடாரத்தைத் திருப்பித் தர வந்தவன் மணி அடித்துப் பார்த்துவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்தான். செத்தவர்களுக்குப் பக்கத்தில் என் படம். சிவப்பு விளக்கு. வெள்ளைப் பூ. எனக்குப் போன் அடித்தான், எடுக்க ஆளில்லை. இவருக்கு அடித்தான், வகுப்பில் போன் மௌனம். வேறு என்ன நினைப்பான்? கிடாரத்தை வாசலில் வைத்துவிட்டு அங்கேயே நின்று செய்தியை அடித்து அனுப்பிவிட்டான். டெனிஸும் ஜெசிக்காவும் அந்தக் குழுவில் இல்லை. இளசுகள் எப்போதோ அதை விட்டு ஓடிவிட்டார்கள்.

நான் பின்னேரம் ட்ரெயினால் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தேன். தெரு முழுக்கக் கார். எங்கள் வாசலில் சப்பாத்தும் செருப்பும் குவிந்து கிடந்தன. வெள்ளைச் சேட்டுப் போட்ட ஆம்பிளைகள் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு உள்ளே போவதைக் கண்டேன். செத்த வீட்டுக்குப் போகிற நடை எனக்குத் தெரியாதா? மாதாவே, இவருக்கு என்னவோ நடந்துவிட்டது!

முன்பக்கம் போக மனம் வரவில்லை. பக்கத்துப் படலைக் கதவால் சுற்றிப் பின்கதவைத் திறந்து குசினிக்குள் நுழைந்தேன். என் அடுப்பில் யார் யாருடையவோ சட்டிகள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். அதைக் கண்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. மனுஷன் வாழ்க்கையில் என்னிடம் கேட்டது ஒரேயொரு படம். அதற்கும் ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டேனே! மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முன்னறையிலிருந்து தனேஸ்வரியின் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி, எங்கள் வீட்டுக் கதவைத் திறக்கிற மேலதிகத் திறப்பு அவளிடம்தான் இருக்கிறது. "தங்கமான மனிசி. அதிர்ந்து ஒரு சொல் கதைக்கமாட்டா."

"எமிலியானுஸ் அண்ணைக்குப் பின்னால நிழல் மாதிரி நிப்பா," இது வரதராஜா, சங்கத்துத் தலைவர்.

"தானுண்டு தன்ர குசினியுண்டு. அந்த மீன் குழம்பை இனி ஆர் வைக்கிறது?" இது இன்னொரு குரல்.

யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. யாரோ ஒரு நல்ல பொம்பிளை செத்துப்போனாளாக்கும் என்று நின்றேன். பிறகுதான் உறைத்தது. நான்! செத்தது நான்! அப்படியென்றால் இவர் இருக்கிறார். என் மனுஷன் உயிரோடு இருக்கிறார். அப்படியே நிலத்தில் குந்தி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். நன்றி சொல்லி முடிக்குமுன்னமே கோபம் வந்துவிட்டது. அதிர்ந்து ஒரு சொல் கதைக்காதவளா? நானா?

கதவைத் தள்ளித் திறந்தேன்.

"ஆரடி தனேஸ்வரி, ஒரு சொல் கதைக்காதவ?"

தனேஸ்வரி போட்ட கூச்சல் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். வரதராஜாவின் கையிலிருந்த தேத்தண்ணி அவர் வெள்ளைச் சேட்டில் ஊற்றுப்பட்டது. விக்னராஜா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"அன்ரி... படம்... தனியா இருந்துது. சிவப்பு லைற். பூவும் வைச்சிருந்துது. உயிரோட இருக்கிற ஆளை ஆர் அன்ரி இப்பிடிக் கொழுவுவினம்?"

என்ன சொல்வது? அவன் சொன்னது அப்படியே என்னுடைய நியாயம். அந்தக் கோபத்தில், "அனுப்பினதைக் காட்டு பாப்பம்," என்று போனைப் பறித்து வாசித்தேன். எமிலியானுஸ் அவர்களின் அன்பு மனைவியும், டெனிஸின் பாசமிகு தாயாரும், ஜெசிக்காவின் அன்பு மாமியாரும், டில்ஷாவின் ஆசை அம்மம்மாவுமானவர் இன்று இறைபதம் அடைந்தார். அவ்வளவுதான். அம்மம்மாவும் பிழை, நான் அப்பம்மா.

"தம்பி, இதில என்ர பேர் எங்க?"

"அவசரத்தில விட்டுப்போச்சுது அன்ரி."

"சரி, இப்ப சொல்லு. என்ர பேர் என்ன?"

விக்னராஜா தனேஸ்வரியைப் பார்த்தான். தனேஸ்வரி வரதராஜாவைப் பார்த்தாள். வரதராஜா சேட்டைத் துடைத்தார். எத்தனை பெருநாளுக்கு என் கையால் சாப்பிட்ட சனம்! கிடாரத்தின் மூடியில் என் வீட்டு இலக்கம் எழுதியிருக்கிறது. அதுகூட இவர்களுக்கு மனப்பாடம். அண்ணி, அக்கா, அன்ரி, டெனிஸின் அம்மா. அதற்கு மேல் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அந்த நேரம்தான் இவர் ஓடிவந்தார். ட்ரெயினில் செய்தியைப் பார்த்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது, முகத்தில் இரத்தமில்லை. வாசலில் நின்று அத்தனை பேரையும் பார்க்கிறார், நான் நடுவில் நிற்பது கண்ணில் படவில்லை.

"அஞ்சலீனா எங்க?" என்றார். "அஞ்சலீனாவை எங்க வைச்சிருக்கிறியள்?"

"இஞ்சாருங்கோ, இஞ்ச நிக்கிறன்."

வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணீர் தாடையால் வழிந்து என் கையில் விழுந்தது. எங்கள் சனத்தில் இப்படி ஒரு வழக்கமில்லை. சபை நடுவில் மனைவியின் கையைக்கூடத் தொடமாட்டார்கள்.

"விடுங்கோ, சனம் பாக்குது."

"பாக்கட்டும்," என்றார்.

கொண்டுவந்த சாப்பாட்டை என்ன செய்வது? எல்லோரையும் இருத்திச் சாப்பிட வைத்தேன். என் செத்த வீட்டுச் சோற்றை நானே பரிமாறினேன். தனேஸ்வரியின் பருப்பில் உப்புக் குறைவு என்றும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டும் மூக்கைச் சீறிக்கொண்டும் சாப்பிட்டாள். பிறகு படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் அக்கா, அண்ணை உங்களைச் சரியாக் கீறேல்லை. நீங்கள் எங்க இப்பிடிப் பாக்கிறனீங்கள்?" என்றாள். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். முதற் தரமாக ஒழுங்காகப் பார்த்தேன். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். வானொலிக்கு முன்னால் நின்று மந்திரியை மடக்குகிறவள். அந்த வீட்டில் இருந்த இத்தனை பேரிலும் அவளைக் கண்டவர் இவர் ஒருவர்தான். கண்டது மட்டுமல்ல, பிடித்துப்போய் உட்கார்ந்து கீறியிருக்கிறார். நான் நாளைக்கு உண்மையாகச் செத்தால், நிழல் போல நின்ற மீன் குழம்புக்காரியைத்தான் புதைப்பார்கள். இவளுக்கு ஆர் அழுவது?

"படத்தைக் கழட்டுங்கோ," என்றேன்.

இவர் எழும்பிப் போய்க் கழற்றினார். பாவம், வீட்டிலும் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்திருப்பார்.

"அந்தக் கண்காட்சி மண்டபம் எத்தினை மணிக்குப் பூட்டும்? நிண்டு முழுசாதேங்கோ, காயாட்டிலும் பரவாயில்லை. தம்பி விக்னராஜா, உன்ர வான் வண்டியை எடு."

அவன் சாப்பிட்ட கையோடு ஓடினான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கண்காட்சிக்குப் போனோம். கூறைச்சேலைதான் கட்டினேன், அது என் விருப்பம். என் படத்தை நல்ல வெளிச்சத்தில் மாட்டியிருந்தார்கள். கீழே சின்ன அட்டையில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது: ஓவியரின் மனைவி.

"இதென்ன?"

"அது... என்ன பேர் போடுறதெண்டு ரீச்சர் கேட்டவ. நான்தான் சொன்னனான்," என்று இழுத்தார். "பழைய படங்களிலயும் கனக்க இப்பிடித்தான் கிடக்கு. அந்தப் பொம்பிளையளின்ர பேர் இப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

"ஏன் தெரியாது? உயிரோட இருக்கேக்கை ஒருத்தனும் எழுதேல்லை, அதுதான். வருசம் முழுக்க மனிசன், தனி மனிசன் எண்டு என்ர காதைத் திண்டுபோட்டு!"

பாதி வழியில் ஒத்துக்கொள்கிற மனுஷன், இந்தமுறை முழுதாக ஒத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து அச்சடித்ததை வெட்டினார். எழுத வந்தபோது நான் பேனையை வாங்கினேன். தமிழில் ஒருதரம், ஆங்கிலத்தில் ஒருதரம், அஞ்சலீனா என்று எழுதினேன்.

ஊன்றுகோலோடு ஒரு வயதான வெள்ளைக்காரி வந்து படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நீங்கள்தானே?" என்றாள். ஓம் என்றேன்.

"இதில் நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள்?"

பிறந்த நாள் தொடக்கம் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. இவர் ஓடிப்போய் ஒரு கதிரை கொண்டுவந்தார். அதை அவளுக்குக் கொடுத்து இருத்திவிட்டு, வயதுபோனவர்களின் பல் வைத்தியத்துக்கு மெடிகெயார் என்கிற அரசாங்க மருத்துவக் காப்புறுதி ஏன் ஒரு சதமும் தருவதில்லை என்பதிலிருந்து, நின்றபடியே சொல்லத் தொடங்கினேன்.